கம்பி இறுக்கிய மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் போதுமா?

கேள்வி: 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்தபோது எங்கள் வீட்டு மாமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி, இரும்புக் கம்பத்தோடு சேர்த்துக் கம்பியால் கட்டினோம். போன பருவத்தில் என்றுமில்லாத காய்ப்பு. இப்போது இலைகள் சிறுத்து வெளிறுகின்றன. கம்பிக்கு மேலே தண்டு புடைத்திருக்கிறது. காலை, மாலை தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. உரம் போடலாமா ஐயா?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

உரம் வேண்டாம் அம்மா. தண்ணீரையும் குறையுங்கள். முதல் வேலை அந்தக் கம்பியை வெட்டுவது, மற்றதெல்லாம் அப்புறம்.

புடைப்பு கம்பிக்கு மேலே இருக்கிறது, கீழே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சிக்கல் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீர், தண்டின் உட்பகுதியான கட்டை வழியாக ஏறுகிறது. அங்கிருக்கும் சைலம் குழாய்கள் செத்த செல்களால் ஆனவை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போகப் போக, பின்னால் இருக்கும் நீர் மேலே இழுபடுகிறது. வேர் எடுக்கும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படிக் காற்றோடுதான் போகிறது.

இலை தயாரிக்கும் சர்க்கரை இறங்கும் பாதை வேறு. பட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபுளோயம்தான் அது. இலைப்பக்கம் சர்க்கரை சேரச் சேரத் தண்ணீர் புகுந்து அழுத்தம் கூடும். வேர்ப்பக்கம் சர்க்கரை செலவாவதால் அழுத்தம் குறையும். அந்த வித்தியாசத்தில் சாறு மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்கிறது. தண்டு பருத்துக்கொண்டே போகும், கம்பி விட்டுக்கொடுக்காது. முதலில் நசுங்குவது வெளியில் இருக்கும் இந்தப் பாதைதான். இறங்க வழியில்லாத சர்க்கரை மேலே தேங்கித் தண்டைப் புடைக்க வைக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியர் மால்பிகி, மரப்பட்டையை வளையமாக உரித்து மேல்விளிம்பு வீங்குவதைக் காட்டினார். லிச்சிக் கிளையில் பட்டையை உரித்துப் பாசி வைத்துப் பதியன் கட்டுகிறவர்களுக்கும் இது தெரிந்த சங்கதி: இலை வாடாது, ஆனால் வேர் விடுவது மேல்விளிம்பில்தான்.

போன பருவத்துக் காய்ப்பும் இதன் விளைவாகவே இருக்க வேண்டும். மரம் தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். வேருக்குப் போக வேண்டிய சாப்பாட்டை மாங்காய் தின்றிருக்கிறது. வேர் தன் சேமிப்பில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அது தீர்ந்ததும் நுனிவேர்கள் மடியும், தண்ணீரும் சத்தும் ஏறுவது குறையும், இலை வெளிறும். இப்போது பார்ப்பது அதைத்தான்.

இந்த நிலையில் இரண்டு வேளைத் தண்ணீர் கெடுதல். வேரும் மூச்சு விடுகிறது. ஆனால் நம் ரத்தம் போல ஆக்சிஜனைச் சுமந்து செல்ல மரத்தில் எதுவும் கிடையாது. இலைக்கு இலைத்துளை, தண்டுக்குப் பட்டையில் தெரியும் சிறு புள்ளிகள், வேருக்கு மண்ணின் இடுக்குகள் என்று அந்தந்தப் பகுதி அந்தந்த இடத்திலேயே காற்றை வாங்கிக்கொள்கிறது. மண் இடுக்கில் தண்ணீர் நின்றால் ஆக்சிஜன் நகரும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். விரலை விட்டுப் பாருங்கள்; இரண்டு அங்குல ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். வெளியே தெரிகிற துண்டுகளை எடுத்தால் போதும். பட்டை மூடி வளர்ந்த பகுதியைப் பிடுங்க வேண்டாம். மிச்சமிருக்கும் பாதையும் கிழியும். பிறகு கம்பிக்குக் கீழே பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். பச்சையாக, ஈரமாக இருந்தால் வேர்ப்பக்கம் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று இடத்தில் கீறிப் பாருங்கள். சுற்றிலும் அப்படியே என்றால் நம்பிக்கை குறைவு.

கம்பிக்குக் கீழே துளிர் வந்தால் பலரும் கிள்ளிவிடுவார்கள், நீங்கள் கிள்ளாதீர்கள். இன்றைக்கு வேருக்குச் சோறு போடுவது அதுதான். ஒட்டுக்குக் கீழிருந்து வந்த துளிராக இருந்தாலும் மேல்மரம் தேறும்வரை விட்டுவைக்கலாம். மேலே இலைகளையும் வெட்ட வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் பூ எடுத்தால் இந்த ஒரு வருஷம் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் செய்யுங்கள்.

கம்பி பட்டையைச் சுற்றிலும் அறுத்திருந்தால் பாலம் போல ஒட்டுக் கட்டுவதுதான் வழி. அதே மரத்தின் குச்சிகளை, காயத்துக்குக் கீழே ஒரு முனை, மேலே ஒரு முனையாகப் பட்டைக்குள் செருக வேண்டும். குச்சியைத் தலைகீழாக வைத்துவிடக் கூடாது. மரம் துளிர்க்கும் சூடான மாதங்களில், ஒட்டுக் கட்டிப் பழகிய கை செய்ய வேண்டிய வேலை இது.

மரம் இன்னும் ஆடினால் பழைய சைக்கிள் டியூபை எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். நவம்பரில் புயல் காலம் தொடங்கும் முன்பு ஒருமுறை அவிழ்த்து, இடம் மாற்றிக் கட்டுங்கள்.