பெர்டானா 2.0: டி கியரில் நிற்கும்போது வரும் அதிர்வு

சமிக்ஞை விளக்கில் டி கியரில் நிற்கையில் ஸ்டீயரிங் வரை அதிர்கிறது என்பதற்காக, நீங்கள் வாங்கப் பார்க்கும் அந்தப் பழைய 2016 பெர்டானாவைக் கைவிட வேண்டியதில்லை. அதே சமயம், 'இந்தக் கார் அப்படித்தான்' என்று விற்பவர் சொல்வதையும் ஏற்காதீர்கள். மலிவுக் கார்களுக்குப் பெயர்பெற்ற மலேசிய நிறுவனமான புரோட்டோன், எட்டாம் தலைமுறை ஹோண்டா அக்கார்டை அடிப்படையாகக் கொண்டு, ஹோண்டா எஞ்சினுடனேயே வெளியிட்ட சொகுசு செடான் அது. எஞ்சின் ஓடுவதே தெரியாத அளவுக்கு அமைதியாக நிற்க வேண்டும்.

பெரும்பாலும் எஞ்சின் மவுண்டிங், அதாவது எஞ்சினைத் தாங்கி அதன் அதிர்வை உறிஞ்சும் பாகம், தேய்ந்திருக்கும். செம்பனை லாரிகள் குழியாக்கிய பேராக் மாநிலப் பிடோர் தோட்டச் சாலைகளில் ஓடிய கார் என்றால் வியப்பில்லை.

சோதனை எளிது: ஏர்கானை இயக்கி, பிரேக்கை அழுத்தியபடி டி-யிலிருந்து என்-னுக்கு (நியூட்ரல்) மாற்றுங்கள். அதிர்வு சட்டென்று குறைந்தால் மவுண்டிங்தான். விலையைக் குறைத்துப் பேசலாம். என்-னிலும் அதே அதிர்வு தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக்கையும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டல் பாடியையும் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசை வழிந்திருக்கும் மவுண்டிங்கைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம்.

ஓர் எச்சரிக்கை: எஞ்சின் பாகங்களுக்கு அக்கார்டின் பாகங்கள் கைகொடுக்கும்; ஆனால் முன்விளக்கு, பம்பர் போன்றவை பெர்டானாவுக்கே உரியவை, அக்கார்டினுடையது பொருந்தாது. ஆகவே, விபத்தில் அடிபட்ட காராக இருந்தால் மவுண்டிங் நன்றாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.