ஆக்சுவேரியல் முதுநிலை: பட்டம் எதுவரை கைகொடுக்கும்?

கேள்வி: கணிதத்தில் இளநிலை கடைசி ஆண்டு படிக்கிறேன். அடுத்து எம்.எஸ்சி. ஆக்சுவேரியல் சயின்ஸ் சேர்ந்தால், முடிக்கும்போது ஆக்சுவரி ஆகிவிடுவேனா?

பதில்: ஆக மாட்டீர்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆக்சுவரி, அதாவது காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றில் வருங்கால இழப்பைக் கணக்கிடுபவர், என்ற தகுதியைத் தருவது தொழில்முறைக் கழகம். பிரிட்டனில் அது இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரிஸ், சுருக்கமாக ஐஎஃப்ஓஏ. 1848-லும் 1856-லும் தனித்தனியாகத் தொடங்கிய இரண்டு அமைப்புகள் 2010-ல் இணைந்து உருவானது. அமெரிக்காவில் ஆயுள், உடல்நலம், ஓய்வூதியம் பக்கம் போகிறவர்களுக்கு சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ். வாகனம், வீடு, விபத்து போன்ற பொதுக்காப்பீட்டுக்கு கேஷுவால்டி ஆக்சுவேரியல் சொசைட்டி. இந்தியாவின் கழகம் ஐஎஃப்ஓஏ அமைப்பை ஒட்டியே தேர்வுப் பேப்பர்களை வைத்திருக்கிறது.

ஐஎஃப்ஓஏ 2019-ல் கொண்டுவந்த பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடிப்படைப் பேப்பர்கள் 7: புள்ளியியலில் இரண்டு (சிஎஸ்1, சிஎஸ்2), ஆக்சுவேரியல் கணிதத்தில் இரண்டு (சிஎம்1, சிஎம்2), நிதி, பொருளாதாரம், மேலாண்மை என வணிகத்தில் மூன்று. அதன்மேல் நடைமுறைப் பேப்பர்கள் 3, சிறப்புத் துறைப் பேப்பர்கள் 2, உயர்நிலைப் பேப்பர் 1. ஆக 13. இதில் முதல் தட்டைத்தான் வழக்கமான எம்.எஸ்சி. தொடுகிறது. நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் அந்தத் தட்டின் பெரும்பகுதிக்கு விலக்கு, அதாவது கழகத்தின் பேப்பரை எழுதாமலே தேறியதாகக் கணக்கு, கிடைக்கலாம். மீதியை வேலை பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். பணி அனுபவத்தையும் பதிவு செய்து காட்ட வேண்டும்.

கேள்வி: ‘விலக்கு உண்டு’ என்று பல பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்கின்றன. அதை நம்பிச் சேரலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏமாற்றுகிறவர் யாருமில்லை, விதிமுறையை யாரும் வாசிப்பதில்லை.

விலக்கு பட்டத்துக்குக் கிடைப்பதல்ல, தனித்தனிப் பாடங்களுக்குக் கிடைப்பது. சிஎஸ்2 பேப்பருக்கு விலக்கு வேண்டுமென்றால், அதற்கு ஈடாக எந்தெந்தப் பாடங்களைப் பல்கலைக்கழகம் குறிப்பிட்டிருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் இரண்டு மூன்று பாடங்கள் சேர்ந்துதான் ஒரு பேப்பருக்கு ஈடு. அவற்றில் ஒன்று விருப்பப் பாடமாக இருந்து, நீங்கள் அதை எடுக்காமல் விட்டால் அந்த விலக்கு போயிற்று.

அடுத்தது மதிப்பெண். பாடத்தில் தேற 50 போதும் என்றால் விலக்குக்கு 60 தேவை என்பது போன்ற இடைவெளி சாதாரணம். விலக்கின் தரம் தொழில்முறைத் தேர்வின் தரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், எல்லைக்கோடு ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். பல இடங்களில் முதல் முயற்சி மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மறுதேர்வில் 80 வாங்கினாலும் பட்டத்துக்கு உதவும், விலக்குக்கு உதவாது. எனவே 55 வாங்கிப் பட்டத்தோடு வெளியே வருகிறவரின் கையில் பேப்பர் ஒன்றுகூட இருக்காது. இப்படி வருகிறவர்கள் குறைவல்ல.

அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கும் குறிப்பிட்ட பாடத்திட்டத்துக்கும் உரியது என்பதையும் மறக்காதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டு அதில் அடங்குகிறதா என்று பல்கலைக்கழகக் கையேட்டில் மட்டும் பார்த்தால் போதாது, கழகத்தின் பட்டியலிலும் பாருங்கள். கடைசியாக, விலக்கு தானாக வந்து சேராது. கழகத்தில் உறுப்பினராகி, விண்ணப்பித்து, பேப்பருக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். படிப்புச் செலவைக் கூட்டும்போது இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரே கேள்வியை எழுதி அனுப்புங்கள்: ‘கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தப் படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட விலக்குகள் கிடைத்தன?’ எண்ணோடு பதில் வந்தால் நல்ல அறிகுறி.

கேள்வி: மூன்று பேப்பர்களை நானே படித்துத் தேறிவிட்டேன். இனி முதுநிலை தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. தேறிய பேப்பருக்கே மறுபடி கட்டணம் கட்டிப் படிப்பதாக ஆகும். ஆனால் முதுநிலையில் இரண்டு வகை உண்டு. மேலே சொன்னது அடிப்படைப் பேப்பர்களுக்கானது. நடைமுறைப் பேப்பரையும் சிறப்புத் துறைப் பேப்பர்களையும் குறிவைக்கும் இரண்டாம் வகை, பெரும்பாலும் ‘ஆக்சுவேரியல் மேனேஜ்மென்ட்’ என்ற பெயரில் இருக்கும். அடிப்படையை முடித்தவர்களுக்குப் பொருந்துவது அதுதான். அதிலும், ஓராண்டு வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தால் பாடம் வேறு மாதிரி புரியும்.

கேள்வி: பாடத்தில் உண்மையில் என்ன கற்பிப்பார்கள்? நான் பொறியியல் படித்தவன். நிகழ்தகவு கொஞ்சம் நினைவிருக்கிறது.

பதில்: கொஞ்சம் போதாது, ஆனால் பயப்படவும் வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆண்டுக்கான ஆயுள் காப்பீடு, தொகை 10 லட்சம். அந்த வயதில் ஓராண்டுக்குள் இறக்கும் நிகழ்தகவு 0.002. இரண்டையும் பெருக்கினால் எதிர்பார்ப்பு மதிப்பு 2,000. அந்தத் தொகை ஆண்டு முடிவில் கொடுக்கப்படும், வட்டி 6% என்றால் இன்றைய மதிப்பு 2,000-ஐ 1.06-ஆல் வகுத்தால் வரும் 1,887. செலவு, லாபம் சேராத தூய பிரீமியம் அதுதான். இதையே 30 ஆண்டுக்கு நீட்டி, பாலிசிதாரர் இடையில் நிறுத்தினால், வட்டி மாறினால் என்று அடுக்கிக்கொண்டே போனால் சிஎம்1 பேப்பர். 0.002 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிஎஸ்2.

பொதுக்காப்பீட்டுப் பக்கம் கணக்கின் முகமே வேறு. விபத்து இந்த ஆண்டு நடக்கும், பணம் மூன்று ஆண்டு இழுத்துக் கொடுக்கப்படும். ஒதுக்கி வைக்க வேண்டியது எவ்வளவு? முதலாம் ஆண்டு விபத்துகளுக்குக் கொடுத்த மொத்தம் 100, பிறகு 150, பிறகு 165 என்று வளர்ந்து முடிந்தது. இரண்டாம் ஆண்டுக்கு 120, பிறகு 186. மூன்றாம் ஆண்டுக்கு இதுவரை 130. முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு வளர்ச்சிக் காரணி: 150-உம் 186-உம் சேர்ந்த 336-ஐ, 100-உம் 120-உம் சேர்ந்த 220-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.527. அடுத்த கட்டத்துக்கு 165-ஐ 150-ஆல் வகுத்தால் 1.1. 186-ஐ 1.1-ஆல் பெருக்கினால் இரண்டாம் ஆண்டின் இறுதித் தொகை 204.6, 130-ஐ இரண்டு காரணிகளாலும் பெருக்கினால் மூன்றாம் ஆண்டுக்கு 218.4. இனி கொடுக்க வேண்டியது 18.6-உம் 88.4-உம் சேர்ந்து 107. இதற்கு ‘செயின் லேடர்’ என்று பெயர்.

கூட்டல் வகுத்தல் யாரும் செய்வார்கள். ஆக்சுவரிக்குச் சம்பளம் கொடுப்பது அடுத்த கேள்விக்கு. மூன்றாம் ஆண்டில் நிறுவனம் புதிய மென்பொருள் வாங்கி, கோரிக்கைகளை வேகமாகத் தீர்க்கத் தொடங்கியது என்று வையுங்கள். அந்த 130-இல் அடுத்த ஆண்டு வரவேண்டிய தொகையும் முன்கூட்டியே சேர்ந்துவிட்டது. அதையும் 1.527-ஆல் பெருக்கினால் ஒதுக்கீடு தேவைக்குமேல் வீங்கிவிடும். பணம் முடங்கும், பிரீமியமும் தவறாக ஏறும். பழைய வேகமே தொடரும் என்று முறை சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. இப்படித் தரவு இல்லாத, அல்லது நம்ப முடியாத புது ஆண்டுகளுக்குத்தான் 1972-ல் வந்த போர்ன்ஹட்டர்-ஃபெர்குசன் முறை கைகொடுக்கிறது: இதுவரை கொடுத்ததைப் பெருக்காமல், முன்பே எதிர்பார்த்த இழப்பிலிருந்து மீதியைக் கணிக்கும்.

சேருமுன் நிபந்தனை நிகழ்தகவு, பாய்சான், அடுக்குக்குறி, இயல்நிலைப் பரவல்கள், மீப்பெரு நிகழ்தகவு மதிப்பீடு, பகுதி வகைக்கெழு, அணிகள் ஆகியவற்றைத் தூசு தட்டுங்கள். முதல் மாதமே அவை தெரியும் என்று வைத்துத்தான் நடத்துவார்கள்.

கேள்வி: ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள், எக்ஸெல் - எதைக் கற்பது?

பதில்: மூன்றையும் ஒன்றாகத் தொட வேண்டாம். 2019 பாடத்திட்டத்தில் புள்ளியியல் பேப்பர்கள் இரண்டுக்கும் கணினித் தேர்வு ஆர்-இல். கணிதப் பேப்பர்கள் இரண்டுக்கும் எக்ஸெலில். தாளில் நன்றாக எழுதிவிட்டுக் கணினிப் பகுதியில் சறுக்குகிறவர்கள் ஏராளம். பைத்தானும், தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லும் வேலைக்கு வந்தபின் தேவைப்படும்.

கேள்வி: அமெரிக்கத் தேர்வுகளில் தொடங்கி, பிறகு பிரிட்டன் பக்கம் மாறலாமா?

பதில்: மாறலாம், ஆனால் தேறியதில் கொஞ்சம் வழியில் சிந்தும். ஒரு கழகத்தில் தேறிய பேப்பர் எல்லாவற்றுக்கும் மற்றதில் நேர் ஈடு கிடையாது. கழகங்களுக்கு இடையேயான பரஸ்பர அங்கீகாரம் பெரும்பாலும் ஃபெல்லோ என்ற முழுத் தகுதி நிலையை எட்டியவர்களுக்கே. தேர்வின் குணமும் வேறு. சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸின் முதல் தேர்வான நிகழ்தகவு 3 மணி நேரத்தில் 30 கொள்குறி வினாக்கள். மதிப்பெண் 0 முதல் 10 வரை, 6 வந்தால் தேர்ச்சி. வேகம் அங்கே உயிர். ஒரு மணி நேரத் தேர்வுக்கு 100 மணி நேரப் படிப்பு என்பது அங்கே புழங்கும் கணக்கு. அப்படியானால் 300 மணி. ஐஎஃப்ஓஏ-வில் வழிமுறையை எழுதிக் காட்ட வேண்டும், மேல்நிலையில் பக்கம் பக்கமாக வாதிட வேண்டும். எந்த நாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கழகம் தானே முடிவாகும்.

கேள்வி: எல்லாப் பேப்பர்களையும் முடித்துவிட்டு வேலை தேடினால் நல்ல சம்பளம் கிடைக்குமல்லவா?

பதில்: தலைகீழாக நடக்கும். பத்துப் பேப்பர் முடித்து ஒரு நாளும் வேலை பார்க்காதவரை எந்தச் சம்பளத்தில் வைப்பது என்று நிறுவனம் தயங்கும். தொடக்க நிலையில் இரண்டு முதல் நான்கு பேப்பர் போதும். மேல்நிலைப் பேப்பர்களில் பாடநூல் பட்டியலை ஒப்பிக்கிறவர் தேற மாட்டார். வினாவில் உள்ள நிறுவனத்துக்கு அந்தப் பட்டியலில் எது பொருந்தும், ஏன் என்று எழுதுகிறவர்தான் தேறுவார். அந்தப் பழக்கம் அலுவலகத்தில்தான் வரும். தேர்வுக்கு விடுப்பும் கட்டணமும் தரும் நிறுவனங்கள் பல. அதைத் தவறவிட்டுக் கைப்பணம் போட்டு எழுதுவானேன்?

ஓராண்டு முதுநிலை என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு, வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே திறந்து சீக்கிரம் மூடிவிடும். முதல் பருவ மதிப்பெண் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆண்டின் வாய்ப்பு போய்விடும். சேர்க்கைக் கடிதம் கிடைத்த அன்றே சுயவிவரத்தை எழுதத் தொடங்குங்கள்.