ஸ்பானிய மொழியில் ‘யா’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

அகராதி ‘யா’வுக்கு ‘ஏற்கெனவே’ என்று பொருள் தருகிறது, ஆனால் பேச்சில் அது ‘இதோ’ என்றும் ‘இனி இல்லை’ என்றும் வருகிறதே, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஏற்கெனவே’ என்பதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நம் மொழியின் ‘விடு’, ‘ஆயிற்று’ என்ற துணைவினைகளின் வழியாக அணுகுங்கள் என்பதே என் பரிந்துரை.

‘கோமி’ என்றால் சாப்பிட்டேன். ‘யா கோமி’ என்றால் சாப்பிட்டுவிட்டேன். (ஸ்பெயினில் இதையே பெரும்பாலும் ‘யா எ கோமிதோ’ என்பார்கள்.) மெக்சிகோவில் ஒருவர் ‘யா கோமிஸ்தே?’ என்று கேட்டால், அது நாம் வீட்டில் கேட்கும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதேதான். வேலை முடிந்ததும் சொல்லும் ‘யா எஸ்தா’வுக்கும் ‘ஆச்சு’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. எதிர்காலத்திலும் இது பொருந்துகிறது: ‘யா யெகாரா’ என்பது வெறும் ‘வருவார்’ அன்று, ‘வந்துவிடுவார், கவலைப்படாதீர்கள்’ என்ற ஆறுதலும் அதில் அடங்கியிருக்கிறது. அடுத்த அறையிலிருந்து அம்மா கூப்பிடும்போது, எழுந்திருக்கும் முன்பே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம் அல்லவா, அந்த இடத்தில் ஸ்பானியர் சொல்வதுதான் ‘யா வோய்’. இவை அனைத்திலும் ‘யா’ சுட்டுவது ஒன்றையே: நிலைமை மாறிவிட்டது, அல்லது மாறப்போவது உறுதி.

எதிர்மறையில்தான் கூடுதல் கவனம் தேவை. மருத்துவரிடம் ‘நோ ஃபூமோ’ என்றால் உங்களுக்குப் புகைப்பழக்கம் இல்லை என்று மட்டுமே பொருள். ‘யா நோ ஃபூமோ’ என்றாலோ முன்பு புகைத்து இப்போது விட்டுவிட்டீர்கள் என்று பொருள்படும் என்பதால், எப்போது விட்டீர்கள் என்று அவர் அடுத்துக் கேட்கக்கூடும். ‘இன்னும் இல்லை’ என்று சொல்ல விரும்புபவர்கள் ‘யா நோ’ என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு உரியது ‘தோதவியா நோ’. இந்த இரண்டையும் இணையாகவே மனப்பாடம் செய்வது நல்லது, ஏனெனில் இங்கே தவறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

தனித்து வரும்போது குரலே பொருளைத் தீர்மானிக்கிறது. உரத்துச் சொன்னால் ‘போதும், நிறுத்து’ அல்லது ‘இப்போதே’; ஸ்பெயினில் பிறர் பேச்சுக்கு நடுவே மெல்லச் சொன்னால் ‘புரிகிறது’; ‘யா, யா’ என்று இழுத்தால் பெரும்பாலும் நம்பிக்கையின்மை. ‘யா கே’ என்ற தொடர் மட்டும் இந்த வரிசையில் சேராது, அது ‘என்பதால்’ என்று காரணம் சொல்லும் இணைப்புச்சொல். அதை அப்படியே தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பழகுபவர்களுக்கு இன்னொன்று: புவனோஸ் ஐரெஸ் மக்களின் வாயில் இச்சொல் ‘ஷா’ என்றே ஒலிக்கும், சிலியிலோ ‘சரி’ என்று ஒப்புக்கொள்ளவும் ‘யா’ என்றே சொல்வார்கள்.