சீனக் கல் திரிகையில் கோதுமை நொய்யாகவே வருவது ஏன்?

வாசகர் கேள்வி: சீனாவில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வரும்போது ஒரு சின்னக் கல் திரிகை கொண்டுவந்தான். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான அகலம். கீழ்க்கல்லைச் சுற்றி ஒரு வாய்க்கால், அதிலிருந்து வெளியே நீட்டிய மூக்கு. ஊறவைத்த சோயா நன்றாக அரைபடுகிறது. கோதுமை போட்டால் மட்டும் நொய்தான் வருகிறது. பல்லில் நறநறவென்றும் இருக்கிறது. அம்மி கொத்துகிறவரிடம் கொடுத்துக் கொத்தி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது மாவுத் திரிகையே இல்லை. அந்த வாய்க்காலும் மூக்கும்தான் அடையாளம். தண்ணீரோடு சேர்ந்து அரைபட்டு வழியும் விழுதைப் பாத்திரத்தில் பிடிப்பதற்காகச் செய்தது அது. சோயாப்பால், அதைத் திரித்துக் கட்டியாக்கும் டோஃபு, அரிசி மாவு விழுது எல்லாம் இதில்தான் அரைப்பார்கள்.

வட சீனக் கிராமங்களில் கோதுமையும் சோளமும் அரைத்த திரிகை வேறு. ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு கல், இடுப்பு உயரத் திட்டு, மேல்கல்லில் கட்டிய நீண்ட மரத்தடி. அதைக் கழுதை இழுக்கும், இல்லாவிட்டால் வீட்டுப் பெண்கள் தள்ளுவார்கள். கழுதைக்குக் கண்ணைக் கட்டிவிடுவது வழக்கம். மாவில் வாய் வைக்காது, தலையும் சுற்றாது. மாவு வாய்க்காலுக்குப் போகாமல் கல்லின் விளிம்பு முழுக்கச் சுற்றிலும் உதிரும்.

அந்தப் பெரிய கல்லிலும் ஒரே சுற்றில் மாவு வந்துவிடாது. முதலில் கோதுமையை அலசி, அரை ஈரமாக உலரவிடுவார்கள். தோல் சற்றுப் பதமானால் பொடியாக நொறுங்காமல் செதில் செதிலாகக் கழன்றுவிடும். பிறகு ஒருமுறை அரைத்து, மெல்லிய துணி கட்டிய சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மறுபடி கல்லில் போடுவார்கள். இப்படியே பல தடவை. முதல் சலிப்புகளில் வெள்ளை மாவு. போகப் போக நிறம் கறுத்து, கடைசியில் தவிடு மிஞ்சும். ஆகவே முதல் ஓட்டத்தில் நொய் வருவது குறையே இல்லை. ஒரு சாண் கல்லில் தானியம் நடுவிலிருந்து விளிம்புக்கு வந்து சேரும் தூரம் மிகக் குறைவு. நாலைந்து தடவை சலித்து அரைக்கப் பொறுமை இருந்தால் சப்பாத்திக்கு ஒப்பேறும். என்னைக் கேட்டால், அதற்கு மில் இருக்கிறது.

சரி, கல்லிலும் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மேல்கல்லைத் தூக்கி, விளிம்பில் நாலு பக்கமும் மெல்லிய காகிதத் துண்டுகளை வைத்து, கல்லை மெதுவாக இறக்குங்கள். காகிதத்தை இழுத்தால் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். நாலும் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் நடு முளை உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். மேல்கல் கீழ்க்கல்லின்மேல் உட்காராமல் முளையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. முளை நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் ராவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் மேசை சாய்ந்திருக்கலாம், அல்லது கல் முகம் சமமில்லை. நடுவில் இரண்டு கல்லுக்கும் இடையே சின்ன இடைவெளி தெரியும். அது வேண்டுமென்றே விட்டது. தானியம் முதலில் அங்கே நுழைந்து உடைகிறது, விளிம்பில்தான் நைகிறது. அதைச் சமப்படுத்திவிடாதீர்கள்.

இனி கொத்து விஷயம். கல் முகத்தை உற்றுப் பாருங்கள். வட்டம் பெரும்பாலும் எட்டுப் பங்காகப் பிரிந்து, ஒவ்வொரு பங்கிலும் இணையான சாய்ந்த வரிகள் ஓடும். மேல்கல்லைக் கவிழ்த்து வைத்தால் மேல் வரியும் கீழ் வரியும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். கல் சுற்றச் சுற்ற அந்த வெட்டும் இடம் கத்தரிக்கோல் மூடுவதுபோல் நகர்ந்து, தானியத்தை நறுக்கியபடியே வெளியே தள்ளும். நம் ஊரில் கொத்துகிறவர் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் போடுகிற மாதிரி புள்ளி புள்ளியாகப் போட்டுத் தந்தால் இந்த வேலை நடக்காது. மாவு உள்ளேயே அடைந்து நிற்கும்.

சீனர்களும் புள்ளிக் குழியில்தான் ஆரம்பித்தார்கள் என்பது வேடிக்கை. ஹான் அரச வம்சக் காலத்து முற்பகுதித் திரிகைகளின் முகத்தில் குழிகள்தான் இருக்கின்றன. கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறையை ஹெபெய் மாகாணத்தின் மான்செங்கில் 1968-இல் தோண்டியபோது, அரைத்தது விழுவதற்கு வெண்கலப் புனல் வைத்த ஒரு கல் திரிகை கிடைத்தது. எட்டுப் பங்கு சாய்வரி அதற்கு வெகு காலம் கழித்துத்தான் நிலைபெற்றது.

வரி மழுங்கியிருந்தால் மட்டும் கொத்துங்கள். விரலால் தடவும்போது வரியின் ஓரம் தோலைச் சற்றுப் பிடித்தால் இன்னும் கூர் இருக்கிறது. சோயா நன்றாக அரைபடுவதைப் பார்த்தால் உங்கள் கல்லுக்கு இப்போது தேவையிருக்காது. தேவைப்படும் நாளில் உளி பிடிக்கிறவரிடம், இருக்கிற வரியின் வழியே, அதே சாய்வில் ஆழப்படுத்தச் சொல்லுங்கள். புதிய வரி எதுவும் வேண்டாம். எந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சீனத் திரிகைகள் பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றுவதற்குச் செய்தவை. ஒரு பிடி தானியம் போட்டு இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் மாவு தாராளமாக வெளியே வருகிறதோ அதுதான் சரியான பக்கம்.

நறநறப்புக்கு வருகிறேன். புதுக் கல்லில் உளி பட்டுத் தளர்ந்த துகள்கள் இருக்கும். பழைய அரிசியைத் தண்ணீரோடு போட்டு இரண்டு மூன்று முறை அரைத்துக் கொட்டிவிடுங்கள். அரைத்த தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தெளியவிட்டு, அடியில் நிற்பதை விரலால் தேய்த்துப் பார்த்தால் கல்துகள் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அதோடு, கல்லின் அடிப்பக்கம் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கருங்கல் சும்மா இருக்கும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், இல்லாவிட்டால் கல்பொடியும் சிமெண்டும் சேர்த்து வார்த்தது. சுண்ணாம்புக் கல் மென்மையானது, சீக்கிரம் தேயும், அடிக்கடி கொத்தவேண்டி வரும். வார்த்த கல் என்று தோன்றினால் தோட்டத்தில் வைத்துவிடுங்கள், சாப்பாட்டுக்கு வேண்டாம்.

ஈரத்துக்கும் உலர்வுக்கும் ஒரே கல்லை மாற்றி மாற்றிப் போடுவதும் தொல்லை. வரிக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், கோதுமை மாவு பசையாகி அடைத்துக்கொள்ளும். அடைத்த வரி எதையும் அரைக்காது. கல் வழவழவென்று சுற்றும், நொய் வரும். உங்கள் கதையும் இதுவாக இருக்கலாம். இந்தத் திரிகையைச் சோயாவுக்கும் அரிசிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தேங்காய் நார் பிரஷ்ஷால் வரி வரியாகத் தேய்த்துக் கழுவி, கல்லை இரண்டாகப் பிரித்து வெயிலில் வையுங்கள். சேர்த்து மூடி வைத்தால் மறுநாளே புளித்த வாடை வரும்.

அரைக்கும்போது ஒரு கரண்டி சோயா, கொஞ்சம் தண்ணீர், ஓரிரு சுற்று. அப்புறம்தான் அடுத்த கரண்டி. குவித்துப் போட்டால் மேல்கல் தூக்கிக்கொண்டு திப்பியாக வரும். பாலைப் பச்சையாகக் குடிக்கக் கூடாது, பச்சைச் சோயா செரிக்காது. அடுப்பில் வைத்தால் கொதிநிலைக்கு முன்பே நுரை பொங்கும். அதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். நுரை அடங்கி உண்மையில் கொதி வந்தபின் இன்னும் பத்து நிமிடம் சிறுதீயில் கிளறிக்கொண்டே விடுங்கள்.