சட்டம் கேளுங்கள்: உதிரி சிகரெட்டுக்கு ஆயிரம் ரூபாயா?

கேள்வி: வணக்கம் வக்கீலம்மா. என் வீட்டுக்காரர் காலமான பிறகு பெங்களூரு அல்சூரில் அவருடைய காண்டிமென்ட்ஸ் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டீ, பன், சிப்ஸ், சிகரெட் எல்லாம் உண்டு. போன மாதம் அதிகாரிகள் வந்தார்கள். காலேஜ் பையன் ஒருவனுக்கு ஒற்றை சிகரெட் கொடுத்ததைப் பார்த்துவிட்டு ஆயிரம் ரூபாய் அபராதம் கேட்டார்கள். கையில் இருந்ததைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுக்கு 19 வயசு. 18 முடிந்தால் விற்கலாம் என்றுதானே போர்டு மாட்டியிருக்கிறேன்? அபராதமும் 200 ரூபாய்தானே? சாயங்காலம் பத்தாவது படிக்கும் என் மகன் கடையில் உட்காருவான். அவனுக்கு ஏதாவது தொந்தரவு வருமா?
- பெயர் வேண்டாம், அல்சூர்

பதில்: உங்கள் போர்டில் இருப்பது பழைய சட்டம், அம்மா. 2003ஆம் வருடத்து மத்தியப் புகையிலைச் சட்டத்தில்தான் 18 வயது வரம்பும் 200 ரூபாய் வரையான அபராதமும் இருந்தன. கர்நாடகம் அதற்குத் தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்து, 2025 மே கடைசியில் அது அரசிதழில் வந்தது. அதன்படி 21 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, சிகரெட்டை உதிரியாக விற்கக் கூடாது, பள்ளி கல்லூரியிலிருந்து 100 மீட்டருக்குள் விற்கவே கூடாது. அபராதமும் ஆயிரம் ரூபாய் வரை ஏறிவிட்டது. தமிழ்நாட்டில், ஓசூரில் கடை வைத்திருக்கும் யாராவது 18 என்று சொன்னால் அவருக்கு அது சரி. உங்களுக்குச் செல்லாது.

அந்த நூறு மீட்டரை உங்கள் கடையிலிருந்து பள்ளி வாசலுக்கு நடந்து போகும் தூரமாகக் கணக்குப் போடாதீர்கள். பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளப்பார்கள். சந்து வழியாகச் சுற்றிப் போனால் தூரம்தானே என்ற வாதம் எடுபடாது.

ஒற்றை சிகரெட்டுக்குப் போய் இவ்வளவு கண்டிப்பா என்று உங்களுக்குத் தோன்றலாம். பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்க வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. உதிரியாக வாங்குகிறவன் கண்ணில் அந்தப் படம் படுவதே இல்லை. முழுப் பாக்கெட் வாங்கப் பணம் இல்லாத பையன், பஸ் காசில் மிச்சம் பிடித்து ஒன்று வாங்கிவிடுவான். பெரும்பாலும் பழக்கம் தொடங்குவதே அந்த ஒன்றில்தான். டீயோடு ஒரு சிகரெட் கேட்கும் ஆட்களை இழந்தால் உங்கள் வருமானம் குறையும், அதை நான் மறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் இந்தத் தடை சரியானது என்பதுதான் என் கருத்து.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இந்த ஆயிரம் ரூபாய் இல்லை. உங்களிடம் வாங்கிய பையனுக்கு 19. நாளைக்கு ஒருவன் 17 வயதில் வந்து நின்றால்? அப்போது சிறார் நீதிச் சட்டம், 2015 குறுக்கே வரும். அதன் 77ஆவது பிரிவின்படி, 18 வயது நிறையாத பிள்ளைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தாலோ கொடுக்க வைத்தாலோ ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்பனை என்றுகூட அதில் சொல்லவில்லை, கொடுத்தாலே குற்றம். மேயோ ஹால் நீதிமன்றத்துக்கு வரும் கடைக்காரர்களிடம் இதைச் சொன்னால், “அது கஞ்சாவுக்குத்தானே மேடம்?” என்று கேட்கிறார்கள். இல்லை, பீடிக்கும்தான். “அப்பாவுக்கு வாங்க வந்தேன்” என்று ஒரு சிறுவன் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

“ஆளைப் பார்த்தால் பெரியவன் மாதிரி இருந்தான்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாங்குகிறவன் வயது வந்தவன் என்று நிரூபிக்கும் பொறுப்பை விதிகள் கடைக்காரர் மேல்தான் வைத்திருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் ஆதார் கேளுங்கள். காட்ட மறுத்தால் இல்லை என்று அனுப்பிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 18 வயது நிறையாதவர் புகையிலைப் பொருளை விற்கவோ கையாளவோ கூடாது என்று விதி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கடை உரிமையாளர், அதாவது நீங்கள். அவன் டீ கொடுக்கட்டும், பன் எடுத்துக் கொடுக்கட்டும். அவன் உட்காரும் நேரத்தில் சிகரெட்டைப் பூட்டி வையுங்கள். படிக்கிற பையன் கைக்கு எட்டும் தூரத்தில் அது தினமும் இருப்பதும் நல்லதில்லை, இதை ஒரு அம்மாவாகவும் சொல்கிறேன்.

அப்புறம், ரசீது கொடுத்தார்களா? நீங்கள் எழுதவில்லை. இது ஒப்புக்கொண்டு பணம் கட்டினால் அங்கேயே முடிந்துவிடும் வகைக் குற்றம். ஏற்காவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். எப்படியானாலும் ரசீது இல்லாமல் வாங்கிய பணம் அபராதக் கணக்கில் சேராது. அடுத்த தடவை யார் வந்தாலும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

கடை முகப்பில் கம்பெனி ஆள் இலவசமாக மாட்டிக் கொடுத்த விளக்குப் பலகை, சிகரெட் பெயரோடு இருக்கிறதா? இருந்தால் இன்றே கழற்றுங்கள். விளம்பரக் குற்றத்துக்கு மத்தியச் சட்டத்தில் முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மறுபடி சிக்கினால் ஐந்து வருடம் வரை போகும். பலகை கொடுத்தவர் உங்களுக்காக நீதிமன்றத்துக்கு வரமாட்டார்.

கேள்வி: துபாயிலிருந்து வரும் நண்பர் மூலம் வேப் (மின் சிகரெட்) வாங்கி, ஆபீஸில் கேட்பவர்களுக்கு அசல் விலைக்கே கொடுக்கிறேன். லாபம் எடுப்பதில்லை. தப்பா?
- ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்ட்

பதில்: தப்புதான். லாபம் எடுத்தீர்களா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. மின் சிகரெட் தடைச் சட்டம், 2019 இறக்குமதி, விற்பனை, விநியோகம் எல்லாவற்றையும் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி என்றால் மூன்று வருடம், ஐந்து லட்சம் வரை. இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறையோ ஐம்பதாயிரம் வரை அபராதமோ உண்டு. கொண்டுவரும் நண்பரும் மாட்டுவார். உடனே நிறுத்துங்கள், தம்பி.

கேள்வி: என் மச்சான் பெங்களூரு - கிருஷ்ணகிரி லோடு வண்டி ஓட்டுகிறார். இங்கே பில்லோடு வாங்கும் மெல்லும் புகையிலையை அங்கே ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கமிஷன் தருகிறார்களாம். பில் இருந்தால் போதாதா?
- ஒரு வாசகி, எஜிபுரா

பதில்: போதாது. தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணை போட்டு, குட்கா, மெல்லும் புகையிலை இரண்டையும் தயாரிக்க, சேமிக்க, எடுத்துச்செல்ல, விற்கத் தடை வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதை நம்பித்தான் பலர் “தடை போயிடுச்சு” என்று சொல்லித் திரிகிறார்கள். அதே வருடம் ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டது. அத்திப்பள்ளி தாண்டி, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் ஜூஜூவாடிக்குள் வண்டி நுழைந்தால் சரக்கைப் பறிமுதல் செய்வார்கள், வண்டியையும் பிடித்து வைப்பார்கள். பெங்களூரு பில்லைக் காட்டினால், சரக்கை வாங்கியது அவர்தான் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். கமிஷன் தருகிற ஆள் போனை எடுக்கமாட்டார். வேண்டாம் என்று இன்றைக்கே மச்சானிடம் சொல்லுங்கள்.