கரை கண்ணில் தெரிந்தால் போதுமா?

கேள்வி: ஐயா, பாய்மரப் படகில் துறைமுகம் துறைமுகமாகப் போய்வர ஆசை. ஆழ்கடல் பக்கமே போகாமல் கரையை ஒட்டியே ஓட்டினால் ஆபத்து இல்லைதானே?

பதில்: முதலில் ஒன்று. நான் ஐயா இல்லை, அம்மா. மாதம் நாலு கடிதமாவது இப்படி வருகிறது.

கரை தெரிந்தால் தைரியமாக இருக்கும், உண்மைதான். அந்தத் தைரியம் நமக்கு, படகுக்கு இல்லை. ஆழ்கடலில் படகு போய் முட்ட அனேகமாக எதுவும் கிடையாது. பாறை, மணல்திட்டு, மிதக்கும் வலைக்கயிறு எல்லாம் அதிகம் இருப்பது கரையோரத்தில். காற்று கடலிலிருந்து கரைப்பக்கம் அடிக்கிறபோது இன்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும், யோசியுங்கள். கரை ஒரு மைல் தள்ளி இருந்து, படகு மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் ஒதுங்கினால் கையில் இருப்பது அரை மணி நேரம்.

எனக்கு அந்த அரை மணியும் கிடைக்கவில்லை. டீசல் ஃபில்டரில் அழுக்கு அடைத்து இன்ஜின் நின்றபோது கரை முக்கால் மைல்கூட இல்லை. பெரிய பாய் உறைக்குள் இருந்தது. உறையின் ஜிப் உப்பு ஏறி நகர மறுத்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் நங்கூரத்தை இறக்க, அது பிடித்துக்கொண்டதால் பிழைத்தோம். அன்றிலிருந்து இன்ஜினில் போனாலும் உறையைக் கழற்றாமல், பாயேற்றும் கயிற்றை மாட்டாமல் துறைமுகத்தை விட்டு நகர்வதில்லை.

நான் கற்றுக்குட்டி, விடுங்கள். 1895 முதல் 1898 வரை தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். அதற்குள் அட்லாண்டிக்கை இரண்டு முறை கடந்துவிட்டிருந்த அவர், 1895 டிசம்பரில் உருகுவே கரையில் படகை மணலில் ஏற்றிவிட்டார். எதிர் நீரோட்டத்துக்குத் தப்ப வேண்டும் என்று கரையை அணைத்துப் போனார்; நிலவொளியில் மணல்மேடுகள் ஏமாற்றிவிட்டன.

கேள்வி: அடுத்த துறைமுகம் 40 கடல் மைல். எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

பதில்: கிளம்பும் நேரத்தை விடுங்கள், சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தெரியாத துறைமுகத்துக்குள் வெளிச்சத்தில்தான் நுழைய வேண்டும். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கையில் வாசலில் நிற்பது மாதிரி நான் கணக்குப் போடுவேன்.

பத்து மீட்டர் படகுக்கு மணிக்கு 5 மைல் என்று வைத்தால் 40 மைலுக்கு எட்டு மணி நேரம். இது காற்று ஒத்துழைத்தால். காற்று நேர் எதிரே வந்தால் எந்தப் பாயும் அதற்குள் நுழைந்து போகாது. 45 பாகை இந்தப் பக்கம், 45 பாகை அந்தப் பக்கம் என்று மாறி மாறித்தான் ஏற முடியும். அப்போது 40 மைல் 56 மைலாகிவிடும். படகு பக்கவாட்டில் ஒதுங்குவது, அலையில் வேகம் குறைவது வேறு. பன்னிரண்டு மணிக்கு மேல் ஆனால் ஆச்சரியப்படாதீர்கள்.

வழியில் நிலம் மூக்கு நீட்டிய முனை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே நீரோட்டம் வேகமெடுக்கும். ஓட்டம் ஒரு பக்கமும் காற்று அதற்கு எதிர்ப்பக்கமும் இருந்தால், சாதாரண அலைகூடச் சுவர் மாதிரி எழும்பும். ஓட்டம் அடங்கும் நேரத்தில் கடந்து போங்கள், இல்லாவிட்டால் சில மைல் வெளியே விலகிச் சுற்றுங்கள்.

கேள்வி: துறைமுக விளக்குகள் இருக்கும்போது இரவில் நுழைந்தால் என்ன?

பதில்: ஊர் விளக்குகளும் இருக்குமே! வழி காட்டும் சிவப்பு மிதவையின் விளக்கு என்று குறிவைத்துப் போய்ப் பார்த்தால் சாலை சிக்னல். இன்னொன்று: துறைமுகத்துக்குள் நுழையும்போது உலகின் பெரும்பகுதியில் சிவப்பு மிதவை நமக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் நேர்மாறு, சிவப்பு வலப்பக்கம். வாடகைப் படகு எடுக்கிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.

கேள்வி: நங்கூரச் சங்கிலி ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விட்டேன். ஆனாலும் படகு இழுத்துக்கொண்டு போனதே?

பதில்: எந்த ஆழத்தை எண்ணினீர்கள்? நங்கூரம் போட்டபோது 4 மீட்டர் என்றால் 20 மீட்டர் விட்டிருப்பீர்கள். சங்கிலி தொடங்குவது நீர்மட்டத்தில் இல்லை, படகின் மூக்கில். அது ஒரு மீட்டர் உயரம். ராத்திரி ஓதம் ஏறி, அதாவது கடல்மட்டம் உயர்ந்து, இரண்டு மீட்டர் கூடினால் மொத்தம் 7. உங்கள் 20 மீட்டர் இப்போது மூன்று மடங்குகூட இல்லை. 35 மீட்டர் விட்டிருக்க வேண்டும். போட்டபின் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரம் மண்ணைக் கவ்வியதா என்று சோதித்தீர்களா? அதை எழுதவில்லையே.

கேள்வி: பாயை எப்போது சுருக்குவது?

பதில்: காற்றின் வேகம் 10 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) என்பதிலிருந்து 20 நாட் ஆனால் பாயின் மேல் விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. கேள்வி மனசில் வந்தபோதே சுருக்கியிருக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. கூட அழைத்துப் போகலாமா?

பதில்: ஸ்லோகமுக்கும் தெரியாது. 5 நாட் வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். நல்ல நீச்சல்காரராலும் துரத்திப் பிடிக்க முடியாது. விழாமல் இருப்பதுதான் வித்தை. உயிர்காப்பு அங்கியும், படகோடு மாட்டும் இடுப்புக் கயிறும் இருவருக்கும் வேண்டும். அதோடு, படகைத் திருப்பிக் கொண்டுவரவும், ரேடியோவில் 16-ஆம் சேனலில் உதவி கேட்கவும் அவருக்கு முதல் நாளே கற்றுக்கொடுங்கள். விழுவது நீங்களாகவும் இருக்கலாம்.