குறி இரண்டும் ஒன்றாக இருந்தும் பின்சக்கரம் கோணலாக நிற்பது ஏன்?

வாசகர் ஒருவர் தன் 125 சிசி பைக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே மாதத்தில் இரண்டு முறை செயினை டைட் வைத்துவிட்டார். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள குறி இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கிறது. ஆனாலும் மெதுவாகப் போகும்போது செயின் பக்கம் ‘கட கட’ சத்தம் போகவில்லை. பின்னால் குனிந்து பார்த்தால் சக்கரம் லேசாகக் கோணலாகத் தெரிகிறது. சக்கரத்தைச் சுற்றினால் செயின் ஓரிடத்தில் தொங்குகிறது, இன்னோரிடத்தில் விறைத்துக்கொள்கிறது. எதை வைத்து அட்ஜஸ்ட் செய்வது என்று கேட்கிறார்.

கடைசியாகச் சொன்னதிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. ஸ்பேனரைத் தொடும் முன்னால் பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது செயினுக்குப் பக்கத்தில் கையையோ துணியையோ கொண்டுபோகவே கூடாது. விரல் போனவர்கள் பலர் அப்படித்தான் இழந்திருக்கிறார்கள். செயினின் கீழ்ப்பகுதியில், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல்சக்கரங்களுக்கும்) நடுவில், ஒரு விரலால் மேலே தள்ளிக் கீழே இழுத்துப் பாருங்கள். மொத்த ஆட்டம் எத்தனை மி.மீ. என்று ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி மறுபடி அளக்க வேண்டும். இப்படி ஏழெட்டு இடத்தில் பார்த்தால் எங்கே அதிகம் விறைக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து டைட் வைத்தால், விறைத்த இடம் வரும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கும் சக்கர பேரிங்கும் அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளும்.

சின்ன பைக்குகளில் இந்த ஆட்டம் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை கேட்பார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டிலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும், அதுதான் கணக்கு. ‘கொஞ்சம் டைட்டாகவே இருக்கட்டும்’ என்ற நினைப்பு வேண்டாம். ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் மேலே எழும்பும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் (சக்கரத்தின் அச்சுக்கும்) உள்ள தூரம் கூடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் போல்ட் (ஆர்ம் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடம்), ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும் நொடியில் செயின் முழு விறைப்பில் இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும்போதே ஆட்டம் இல்லாத செயின், பின்னால் ஆள் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் எங்கே போகும்? லூஸான செயின் சத்தம் போட்டு நம்மை எச்சரிக்கும். டைட்டான செயின் சத்தமே இல்லாமல் பேரிங்கைத் தின்னும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரு நூல் லூஸைத்தான் நான் எடுப்பேன்.

சரி, இப்போது குறி. அதை முழுக்க நம்ப முடியாது. ஆர்மில் குறி அச்சாகும் இடத்திலும், செயினை டைட் வைக்கும் அட்ஜஸ்டரின் தகட்டிலும், ஆக்சில் துளையிலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம். தகடு ஒருமுறை வளைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் 1 மி.மீ. தள்ளியிருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஸ்விங் ஆர்மின் இரண்டு கைக்கும் நடுவே 20 செ.மீ., ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவே 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 1 மி.மீ. பிசகினால் முன் ஸ்ப்ராக்கெட் வரும் இடத்தில் செயின் கோடு இரண்டரை மி.மீ. விலகிவிடும். ஒருமுறை என்னிடம் வந்த வண்டியில் குறி இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஆனால் பின் ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்துப் பார்த்தால், ஒவ்வொரு பல்லிலும் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது, வெளிப்பக்கம் பழைய கறுப்பிலேயே இருந்தது. செயின் பல வாரமாக ஒரு பக்கமாக உரசியே ஓடியிருக்கிறது. உங்கள் வண்டியிலும் முதலில் இதைப் பாருங்கள், குறியைவிடப் பல் உண்மையைச் சொல்லும்.

குறிக்குப் பதில் எது? ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்சிலின் மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து சமமாக்குங்கள். சைலன்சர் மறைத்தால் ஒரு நேரான கம்பியில் அளவைக் குறித்து மறுபக்கம் வைத்துப் பார்க்கலாம். அப்புறம் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினின் மேல் ஓட்டத்தைப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் இடத்திலிருந்து அது நேராக ஓட வேண்டும். அங்கே ஒரு சின்ன ஒடிவு தெரிந்தால் சக்கரம் கோணல்தான். முழுச் செயின் கவர் உள்ள வண்டியில் கவரைக் கழற்றினால்தான் இது தெரியும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ஆக்சில் நட்டை இறுக்கும் நேரம். பெரும்பாலான சின்ன வண்டிகளில் அட்ஜஸ்டர் ஆக்சிலைப் பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். ஆக்சில் அதற்கும் பின்னால் போனால் அதைப் பிடித்து நிறுத்தாது. செயின் இருக்கும் பக்கத்தைச் செயினே முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும். மறுபக்கத்தைப் பிடிக்க ஆளே இல்லை. நட்டை இறுக்கும்போது அந்தப் பக்கம் ஒரு நூல் பின்னால் நகர்ந்தால் போதும், அளந்ததெல்லாம் வீண். அதனால் கடைசி இறுக்கத்துக்கு முன் மடித்த துணி ஒன்றைச் செயினின் கீழ் ஓட்டத்துக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் வைத்து, சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். விரலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். துணி சிக்கியதும் செயின் விறைத்து, ஆக்சிலை முன்னால் இழுத்துவிடும். மறுபக்கத்தை உள்ளங்கையால் முன்னால் தட்டி உட்கார வைத்து, அதே நிலையில் நட்டை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றித் துணியை எடுத்துவிட்டு, ஆட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள். நட் இறுகும்போது செயின் கொஞ்சம் டைட்டாவது வழக்கம்தான்.

டிரம் பிரேக் என்றால், சக்கரம் பின்னால் போனதில் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும். பெடல் ஆட்டத்தையும் பிரேக் லைட்டையும் பாருங்கள். வேலை ஆரம்பிக்கும்போது டார்க் ஆர்ம் (பிரேக் தகட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் கம்பி) நட்டை லூஸ் செய்திருந்தால் அதை இறுக்க மறக்கவே கூடாது.

இனி, ஒரு மாதத்தில் இரண்டு முறை ஏன் லூஸானது? நல்ல செயின் அவ்வளவு சீக்கிரம் தொங்காது. விறைக்கும் இடத்தில் செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சக்கரம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் அதே இடத்தில் விறைத்தால் கோளாறு ஸ்ப்ராக்கெட்டிலோ ஹப்பிலோ. செயினில் போட்ட கோடு திரும்பி வரும்போது மட்டும் விறைத்தால் செயின் சீராகத் தேயவில்லை, அல்லது ஒரு லிங்க் துருப்பிடித்து மடங்க மறுக்கிறது. செயினில் 118 லிங்க், ஸ்ப்ராக்கெட்டில் 42 பல் என்றால், சக்கரம் கிட்டத்தட்ட மூன்று சுற்று சுற்றினால்தான் செயின் ஒரு சுற்று முடிக்கும். அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. கூடவே டயரை இரண்டு பக்கமும் பிடித்துக் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று அடித்தால் சக்கர பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ போயிருக்கலாம். அவை ஆடும்வரை எந்த அலைன்மென்ட்டும் நிற்காது.

எனக்கென்னவோ உங்கள் செயின் ஆயுள் முடிந்துவிட்டது என்றுதான் படுகிறது. சந்தேகமே வேண்டாம், அளந்துவிடுங்கள். 125 சிசி வண்டிகளில் பரவலாக இருக்கும் 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மி.மீ. செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் மையத்திலிருந்து 21ஆவது பின்னின் மையம் வரை அளந்தால் புதுச் செயினில் 254 மி.மீ. வரும். 2 சதவீதம் நீண்டு 259 மி.மீ. தொட்டுவிட்டால் டைட் வைப்பதை நிறுத்திவிட்டு செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றிக் கொக்கி போல வளைந்த பழைய பல்லில் ஓட்டினால், புதுச் செயினும் சீக்கிரமே இதே நிலைக்கு வந்துவிடும். மாற்றும்போது செயினின் இரு முனையையும் இணைக்கும் லிங்கில் கிளிப் லாக் இருந்தால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.